கத்தி சுற்றுகிறது, சில்லு சுற்றவில்லை

எஞ்சின் முதல் திருகலிலேயே பற்றிக்கொள்கிறது, கத்திகளும் சுற்றுகின்றன, ஆனால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் புல் வெட்டும் வண்டி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. திருக்கோவிலிலிருந்து அத்தான் தொலைபேசியில் சொன்ன முறைப்பாடு இவ்வளவுதான். பக்கத்தில் நின்ற தோட்டக் காவல்காரர் "ஒயில் முடிந்துவிட்டது, வேறொன்றும் இல்லை" என்று தீர்ப்பு வழங்குவதும் காதில் விழுந்தது. எனக்கு ஒயில்மேல் சந்தேகம் வரவில்லை. ஒயில் குறைந்த ஹைட்ரோஸ்டாட்டிக் பம்பு (ஒயில் அழுத்தத்தால் சில்லைச் சுற்றவைக்கும் பம்பு) ஒரே நொடியில் ஓய்ந்துவிடாது. முதலில் முனகும், சூடேறியதும் சோர்ந்துபோகும், மேட்டில் ஏற மறுக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றதென்றால் எங்கோ ஏதோ கழன்றிருக்கிறது.

"நிற்பதற்கு முன் ஏதாவது சத்தம் கேட்டதா?" என்று கேட்டேன்.

"ஒரு மாதமாகவே சீட்டுக்குக் கீழே டக டக என்று ஒரு சத்தம். வேகம் கொடுத்தால் அடங்கிவிடும். அதனால் நான் பெரிதாக எடுக்கவில்லை. இன்று காலை டமார் என்று ஒன்று கேட்டது, அவ்வளவுதான்."

மெதுவாக ஓடும்போது சத்தம், வேகம் கொடுத்தால் அமைதி. கப்ளிங்கில் (இரண்டு தண்டுகளை இணைக்கும் பூட்டில்) ஆட்டம் இருந்தால் இப்படித்தான் கேட்கும். டீசல் எஞ்சின் குறைந்த வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு எரிப்பும் தனித்தனி இடியாக ஷாப்டில் (வலுவைக் கடத்தும் சுழல் தண்டில்) இறங்கும். எங்காவது அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் அது முன்னும் பின்னும் மோதிக்கொண்டேயிருக்கும். வேகம் கூடினால் இடிகள் நெருங்கிச் சேர்ந்துவிடுவதால் காதுக்குத் தெரியாமல் போகிறது. தேய்மானம் மட்டும் நிற்பதில்லை.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வந்த, ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் இயந்திரம். மூன்று சிலிண்டர் டீசல், 18 குதிரை வலு. எஞ்சின் முன்னால், பம்பும் பின் அச்சுப் பெட்டியும் சீட்டுக்குக் கீழே. இரண்டையும் இணைப்பது சுமார் அரை மீட்டர் நீளமுள்ள ஒரு ஷாப்ட். கத்திகளுக்கு வலு எஞ்சினின் முன் புலியிலிருந்து (பெல்ட் ஓடும் சக்கரத்திலிருந்து) தனி பெல்ட் வழியாகப் போகிறது. கத்தி சுற்றியும் சில்லு சுற்றாமல் நின்றதற்குக் காரணம் இந்த அமைப்புத்தான். எங்கள் பக்கத்தில் இந்த வகை வண்டிகள் அதிகம் இல்லை. பாசிக்குடா ஹோட்டல்களில் சில, பெரிய மைதானங்களில் ஒன்றிரண்டு. தென்னந்தோட்டத்துக்கு இதை வாங்கியவர் எனக்குத் தெரிந்து அத்தான் ஒருவர்தான். ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோவில் தீர்த்தத்துக்கு வரும் சனம் அவருடைய தோட்டத்து நிழலில்தான் வாகனங்களை நிறுத்தும். கச்சான் காற்றில் காய்ந்து சருகான புல்லுக்கு மேல் சூடான சைலன்சர்கள் நிற்பதை அவர் விரும்பவில்லை. அதனால்தான் இந்த அவசரம்.

பெரியகல்லாற்றிலிருந்து கல்முனை, காரைதீவு, நிந்தவூர் தாண்டி அக்கரைப்பற்று வழியாகப் போய்ச் சேர்ந்தபோது வண்டி இரண்டு தென்னைக்கு நடுவே நின்றது. முதலில் பார்த்தது பின்பக்கத்து பைபாஸ் லிவரை. வண்டியைக் கையால் தள்ளுவதற்காகப் பம்பின் ஒயில் வழியைத் திறந்துவிடும் லிவர் அது. யாராவது அதை இழுத்துவிட்டு மறந்திருந்தால் வண்டி இதே போலத்தான் நிற்கும், பழுது எதுவும் இருக்காது. இங்கே அது சரியான இடத்தில் இருந்தது. டோர்ச்சைப் பிடித்துக் கீழே பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது. ஷாப்டின் முன் நுனி எஞ்சினை விட்டுக் கழன்று சட்டத்தின்மேல் சாய்ந்து கிடந்தது.

அடியில் கை வைப்பதற்கு முன் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பற்றரியின் மறை முனையையும் கழற்றினேன். கடற்கரை மணலில் ஜாக்கை நேரே வைத்தால் வண்டி எழாது, ஜாக் புதையும். அகலமான பலகைக்கு மேல் ஜாக்கை வைத்துத் தூக்கி, சட்டத்துக்குக் கீழே தென்னங்குற்றிகளை அடுக்கி, பாரம் குற்றியில் இறங்கிய பிறகுதான் உள்ளே படுத்தேன். ஜாக்கை மட்டும் நம்பி வாகனத்துக்கு அடியில் படுப்பவர்களை எங்கள் ஊர்க் கராஜ்களில் இன்னும் பார்க்கிறேன். அது துணிச்சல் இல்லை.

கத்தித் தட்டைக் கழற்றி இழுத்து, சீட்டுக்குக் கீழுள்ள தகட்டையும் ஷாப்ட் மூடியையும் எடுத்ததும் முழு விபரமும் தெரிந்தது. ஷாப்டின் இரண்டு முனைகளிலும் ஒரே மாதிரி கப்ளிங். எஞ்சின் பக்கத்தில் இரண்டு காதுள்ள இரும்புத் துண்டு, ஷாப்ட் பக்கத்தில் அதற்குக் குறுக்காக இன்னொன்று, நடுவே நான்கு துளையுள்ள தடித்த றப்பர் வட்டு. இரண்டு போல்ட் ஒரு பக்கத்துக்கு, இரண்டு போல்ட் மறுபக்கத்துக்கு. எஞ்சினிலிருந்து வரும் இடியை அந்த வட்டு உறிஞ்சிக்கொள்ளும், சிறிய கோண வித்தியாசத்தையும் பொறுத்துக்கொள்ளும். எஞ்சினின் 20 மில்லிமீட்டர் தண்டில் இரும்புத் துண்டைப் பிடித்துவைத்திருந்தது ஒரே ஒரு 8 மில்லிமீட்டர் ரோல் பின். வில்லிரும்புத் தகட்டைக் குழாயாகச் சுருட்டி ஒரு பக்கம் பிளவு விட்டிருப்பார்களே, அதுதான். அந்தப் பின் இரண்டு பக்கமும் அறுந்து, நடுத்துண்டு தண்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. பம்புப் பக்க முனையின் றப்பர் வட்டு ஒரு துளையிலிருந்து விளிம்புவரை கிழிந்திருந்தது. ஷாப்டிலேயே பூட்டியிருந்த பிளாஸ்டிக் விசிறியில் ஓர் இதழ் இல்லை.

என்னை உண்மையில் உலுக்கியது வேறொன்று. கழன்ற நுனி சுழன்றபோது டீசல் குழாயில் உரசியிருக்கிறது. மேல் றப்பர் போய் உள்ளே இருந்த நூல் பின்னல் வெளியே தெரிந்தது. அத்தான் இன்னும் கொஞ்ச நேரம் "பார்ப்போம்" என்று எஞ்சினை ஓடவிட்டிருந்தால் சூடான சைலன்சரிலும் காய்ந்த புல்லிலும் டீசல் தெறித்திருக்கும். ஷாப்ட் கழன்றது தெரிந்தால் எஞ்சினை அந்த நொடியே நிறுத்திவிடவேண்டும். மறுபடி ஒருமுறை இயக்கிப் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ரோல் பின் ஏன் அறுந்தது என்பதற்குத் தோட்டத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். காவல்காரர் இப்போது ஒயிலை விட்டுவிட்டுத் தேங்காய்ப் பெட்டிக்கு வந்துவிட்டார். வண்டிக்குப் பின்னால் பெட்டியைக் கொளுவி மணலில் தேங்காய் இழுத்ததால் பாரம் தாங்காமல் அறுந்ததாம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்கவில்லை. 18 குதிரை வலு என்பது 13.4 கிலோவாட். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஷாப்டில் வரும் திருகு விசை சுமார் 43 நியூட்டன் மீட்டர். 20 மில்லிமீட்டர் தண்டில் அது பின்னின் இரண்டு வெட்டுத் தளங்களிலும் சேர்த்து 4.3 கிலோநியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 430 கிலோ எடைக்குச் சமமான விசை. 8 மில்லிமீட்டர் கனரக ரோல் பின் இருபக்க வெட்டில் 42 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்கவேண்டும் என்பது தர நிர்ணயம். பத்து மடங்கு! தேங்காய்ப் பெட்டி எவ்வளவு பாரமாக இருந்தாலும் எஞ்சின் தன்னிடம் இல்லாத வலுவைக் கொடுக்கப்போவதில்லை. மூச்சுத் திணறி நின்றுபோகும்.

அறுந்த துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தால் அந்த ரோல் பின்னே தன் கதையைச் சொன்னது. உடைந்த முகத்தில் பெரும்பகுதி கறுத்து, உரசி உரசி மினுங்கிப்போயிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் புதிய சாம்பல் நிற உடைவு. வெடிப்பு பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து, மிஞ்சிய சிறு ஓரம் கடைசிக் காலையில் அறுந்திருக்கிறது. துளையைச் சுற்றி நுண்ணிய செம்பொடி படிந்திருந்தது. வெறும் கடல் உப்புத் துரு செதிலாக உரியும். இரும்பும் இரும்பும் இடைவிடாமல் உரசினால்தான் இப்படி மாவாக வரும். ஆகவே பாரம் அறுக்கவில்லை, ஆட்டம் அறுத்திருக்கிறது. அப்படியானால் ஆட்டம் எங்கிருந்து வந்தது?

நிமிர்ந்து எஞ்சினைப் பார்த்தேன். எஞ்சின் நான்கு றப்பர் மவுண்டுகளில் (தாங்கிகளில்) உட்கார்ந்திருக்கிறது. முன்னால் உள்ள இரண்டும் 30 மில்லிமீட்டர் உயரம். பின்னால் உள்ள இரண்டும், எப்போதோ கசிந்த ஒயிலில் ஊறிப் பிதுங்கி, 21 மில்லிமீட்டருக்கு அமர்ந்திருந்தன. எஞ்சினின் பின்பக்கம் 9 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஷாப்டை அதன் இடத்தில் தூக்கிப் பிடித்து, முன் கப்ளிங்கின் இரண்டு முகங்களுக்கும் இடையே உள்ள இடைவெளியைத் துளையிடும் அலகுகளைச் செருகி அளந்தேன். மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு, வித்தியாசம் 4 மில்லிமீட்டர். 100 மில்லிமீட்டர் விட்டத்தில் அது இரண்டு பாகைக்கு மேற்பட்ட வளைவு. ஒவ்வொரு சுற்றிலும் றப்பர் வட்டு அந்த வளைவுக்கு மடிந்து நிமிரவேண்டும், நிமிடத்துக்கு 3,000 தடவை. வட்டு முதலில் சூடாகி இளகியது. பிறகு அந்த வேலையை ரோல் பின் செய்யவேண்டி வந்தது.

இந்தக் கட்டத்தில் அத்தான் கேட்டார்: "இவ்வளவு மினக்கேடு எதற்கு தம்பி? சந்தியில் வெல்டிங் கடை இருக்கிறது. சுற்றிவர ஒரு கோடு போட்டால் ஆயுளுக்கும் கழலாதே."

எங்கள் பக்கத்தில் எந்தப் பழுதுக்கும் முதல் மருந்து வெல்டிங்தான். கேற் பிணைச்சலுக்கும் அதுதான், கலப்பைக்கும் அதுதான். இங்கே அதை ஒப்புக்கொள்ள முடியாது. எஞ்சின் தண்டு நுனியில் வெல்டிங் சூடு ஏறினால் பக்கத்திலுள்ள ஒயில் சீல் கருகும். மின்சாரம் பெயாரிங் வழியாகப் பாய்ந்து அதன் முகத்தில் புள்ளி விழுத்தும். வட்டு மாற்றவேண்டி வரும்போது கப்ளிங்கை இழுக்க வழியே இருக்காது, அறுத்துத்தான் எடுக்கவேண்டும். இவற்றைவிடப் பெரியது ஒன்று: எஞ்சின் தாழ்ந்தபடியே இருக்க முன்முனையை இறுக்கி ஒட்டிவிட்டால் ஆட்டம் முழுவதும் பின்னால் போய்ப் பம்பின் உள்தண்டைத்தான் தின்னும். ரோல் பின்னுக்குப் போகிற காசு எங்கே, பம்புக்குப் போகிற காசு எங்கே? அத்தான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வித்தியாசத்தை அவரே பெருக்கிப் பார்த்துக்கொண்டார்.

தண்டுக்குள் மாட்டிய நடுத்துண்டை எடுப்பதுதான் பொறுமையைச் சோதித்தது. ரோல் பின் உள்ளே குழாயாக இருப்பதால் மெல்லிய பஞ்ச் (பின்னை அடித்து வெளியேற்றும் இரும்புக் குச்சி) வைத்து அடித்தால் அது குழாய்க்குள் இறங்கி ரோல் பின்னை இன்னும் விரித்து இறுக்கிவிடும். பஞ்ச் துளையை விட ஒரு நூல் சிறியதாக, தட்டையான முகத்தோடு இருக்கவேண்டும். பழைய எஞ்சின் வால்வின் தண்டை வெட்டி முகத்தை ராவி வைத்திருக்கிறேன். கடினமான இரும்பு, நேரானது, கராஜில் சும்மா கிடைக்கும். கடையில் வாங்கும் பஞ்ச்சைவிட இது நன்றாக உழைக்கிறது. ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு தேநீர் குடித்து வந்தபிறகு அடிக்கத் தொடங்கினேன். ஒவ்வோர் அடிக்கும் எதிர்ப்பக்கத்தில் கனமான இரும்புக் கட்டியை அத்தான் அண்டை கொடுத்துப் பிடித்தார். அது இல்லாமல் அடித்தால் சுத்தியலின் அதிர்ச்சி நேரே கிராங்க் பெயாரிங்குக்குப் போகும். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியின் ஓசை மாறியது. மந்தமாக இருந்தது கணீரென்றது. துண்டு நகர்ந்துவிட்டது என்று கைக்கு முன் காது சொல்லிவிடும்.

வேர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்ததில் எஞ்சின் தண்டு நன்றாகவே இருந்தது, அதன் துளையும் வட்டம் கெடவில்லை. அடி வாங்கியது கப்ளிங்தான். 20 மில்லிமீட்டர் உட்துளை வாய்ப்பக்கம் 20.4 ஆக விரிந்திருந்தது. ரோல் பின் துளையோ நீள்வட்டமாகிவிட்டது. இதை எடுத்துக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போனேன்.

அங்கே லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணருக்கு, நாங்கள் காக்கா என்போம், நெல் அறுவடைக் காலம் என்றால் தலை நிமிர நேரம் இருக்காது. அறுவடை இயந்திரம், உழவு இயந்திரம், லான்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) என்று வாசலில் வரிசை நிற்கும். நான் போன நேரம் கொஞ்சம் ஓய்வாக இருந்தார். துண்டைக் கையில் வாங்கிப் பெருவிரலால் துளையின் வாயைத் தடவியவர், நான் ஒன்றும் சொல்வதற்கு முன், "மவுண்ட் படுத்துவிட்டதா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அதை மாற்றாமல் இதைச் செய்து தரமாட்டேன். திரும்ப வந்து என் வேலை பிழை என்பீர்கள்." இப்படிப் பேசுகிறவர்களிடம்தான் வேலை கொடுக்கவேண்டும்.

புதிதாகக் கடைவதா, இதையே திருத்துவதா என்று பேசி, திருத்துவது என்று முடிவானது. கப்ளிங்கின் கழுத்து 38 மில்லிமீட்டர் விட்டம், சதை தாராளம். உட்துளையை 26 மில்லிமீட்டருக்குக் குடைந்து, அதற்குள் இரும்பு புஷ் (உட்குழாய்) ஒன்றைக் கடைந்து பிரஸ்ஸில் இறுக்கிச் செலுத்தி, புஷ்ஷின் உள்ளை 20 மில்லிமீட்டருக்கு முடித்தார். ரோல் பின் துளையைப் பழைய இடத்தில் போடாமல் 90 பாகை திருப்பிப் புதிய சதையில் போட்டார். முதலில் 7.8 அலகு, பிறகு 8 மில்லிமீட்டர் ரீமர் (துளையைத் துல்லியமாக முடிக்கும் அலகு). இப்படித் திருப்பலாமா என்று கேட்பவர்களுக்கு: றப்பர் வட்டு உள்ள கப்ளிங்கில் காது எந்தப் பக்கம் பார்த்தாலும் கேடில்லை. குறுக்கு மூட்டு (யுனிவர்சல் ஜொயின்ட்) உள்ள ஷாப்டில் அப்படிச் செய்யக்கூடாது. அதில் இரண்டு முனைக் காதுகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். உழவு இயந்திரத்தின் ரொட்டவேட்டர் (மண் கிளறும் கருவி) ஷாப்டைக் கழற்றிக் கிறீஸ் போட்டுவிட்டு ஒரு பல் தள்ளிப் பூட்டியவர்களுக்கு அந்த அதிர்வு நன்றாகத் தெரிந்திருக்கும். மூட்டு ஒன்று ஒரு சுற்றில் இரண்டு தடவை வேகம் கூட்டிக் குறைக்கும். மற்றது அதை நேர் எதிராகச் சமன் செய்தால்தான் வெளியே வரும் சுழற்சி சீராக இருக்கும்.

ரோல் பின்கள் விவசாய உதிரிப்பாகக் கடையிலேயே கிடைத்தன. 8 மில்லிமீட்டர் பின்னோடு 5 மில்லிமீட்டரும் வாங்கினேன். பெரியதை அடித்து இறக்கியபிறகு அதன் வயிற்றுக்குள் சிறியதையும், பிளவு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி, இறக்கிவிடலாம். உறுதி இன்னும் கூடும், துளை பெரிதாக்கும் வேலையும் இல்லை. மவுண்டுக்கு அந்த வண்டியின் அசலைத் தேடி அலையவில்லை. 2022 மின்வெட்டுக் காலத்தில் ஊரெல்லாம் ஜெனரேட்டர் வாங்கியதன் பலன், இரண்டு பக்கமும் போல்ட் முளைத்த றப்பர் மவுண்டுகள் இப்போது பல கடைகளில் கிடைக்கின்றன. 30 மில்லிமீட்டர் உயரமுள்ளதைத் தேர்ந்தேன். விரலால் அமுக்கினால் பள்ளம் விழுகிற மெத்தென்ற வகையை விட்டுவிட்டு, இறுகிய வகை. மென்மையானது அதிர்வை நன்றாகக் குடிக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எஞ்சின் அதில் ஆடும்; ஆடினால் ஷாப்டின் கோணம் ஓடும்போதே மாறும்.

மிஞ்சியது றப்பர் வட்டு. அசல் வட்டு ஜப்பானிலிருந்து வரவேண்டும், ஆடி அமாவாசை அதற்காகக் காத்திருக்காது. சிலர் டயர் பக்கச் சுவரை வெட்டிப் போடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வளைந்த பொருளைத் தட்டையாக இறுக்கினால் அது திரும்ப வளையப் பார்க்கும். சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல்லை மேலே ஏற்றும் எலிவேற்றர் பெல்ட் இருக்கிறது. தட்டையானது, றப்பருக்குள் நாலைந்து அடுக்குக் கன்வஸ், இழுவைக்கென்றே செய்தது. தெரிந்த ஆலையில் கேட்டதும் மாற்றிப்போட்ட பழைய பெல்ட்டின் நல்ல பகுதியிலிருந்து ஒரு முழம் வெட்டித் தந்தார்கள். பணம் வாங்க மறுத்துவிட்டார்கள்.

வட்டு வெட்டுவதில் கவனிக்க இரண்டு விடயம் இருக்கிறது. பெல்ட்டின் நூல் நீளவாட்டில் பலமாகவும் குறுக்குவாட்டில் குறைவாகவும் இருக்கும். ஒரே வட்டாகப் போட்டால் ஒரு சோடி போல்ட் பலமான நூலிலும் மற்றது பலவீனமானதிலும் தொங்கும். மெல்லிய இரண்டு வட்டுகளை வெட்டி, ஒன்றை 90 பாகை திருப்பி மற்றதன்மேல் வைத்தேன். அடுத்தது துளை. துளையிடும் அலகு கன்வஸ் நூலைச் சுருட்டி இழுத்துவிடும், கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு இரும்புக் குழாயின் நுனியை உட்பக்கம் கூராக ராவி, பலகைமேல் பெல்ட்டை வைத்து ஒரே அடியில் துளைத்தேன். துளை விளிம்பு சவரக் கத்தியால் வெட்டியது போல வந்தது.

ஒவ்வொரு துளைக்குள்ளும் சிறு இரும்புக் குழாய்த் துண்டு, வட்டின் தடிப்பைவிட அரை மில்லிமீட்டர் குட்டையாக. போல்ட்டை இறுக்கும்போது றப்பர் அந்த அரை மில்லிமீட்டருக்கு மட்டும் நசுங்கும், பிறகு இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இது இல்லாவிட்டால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் றப்பர் நசுங்கிக்கொண்டே போகும், மறுநாளே தளர்ந்துவிடும். போல்ட் மையவட்டத்தின் விட்டம் 80 மில்லிமீட்டர். மேலே சொன்ன 43 நியூட்டன் மீட்டரை இரண்டு போல்ட்டுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 55 கிலோ அளவு இழுவை வருகிறது. நெல்லோடு முழு உயரத்துக்கும் தொங்கி ஓடிய பெல்ட்டுக்கு அது பெரிய விடயமே இல்லை. எம்8 அளவு, 8.8 தரப் போல்ட், நைலோன் நட், 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம். கிழிந்தது பின்னால் மட்டும்தான் என்றாலும் முன்னாலும் புதியதே போட்டேன்.

பூட்டும் வரிசை: முதலில் மவுண்ட், பிறகு கப்ளிங், கடைசியாக வட்டு. எஞ்சினைத் தூக்கிப் பின் மவுண்ட் இரண்டையும் மாற்றியதும் முன் கப்ளிங் இடைவெளியை மறுபடி அளந்தேன். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மவுண்ட் நட்டுகளைத் தளர்த்திவிட்டு எஞ்சினைக் கையால் ஒருமுறை உலுக்கி அதுவாகவே அமரவிட்ட பிறகு இறுக்கியதால் பக்கவாட்டு வித்தியாசமும் தீர்ந்தது. தண்டு நுனியில் மெல்லிய கிறீஸ் பூசி கப்ளிங்கை ஏற்றினேன். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வறட்டு இரும்பை வறட்டு இரும்பில் ஏற்றினால், அடுத்த தடவை கழற்றுகிறவன் ஏற்றியவனைத் திட்டுவான். இரண்டு ரோல் பின்களும் மீண்டும் அண்டை கொடுத்து இறக்கப்பட்டன.

விசிறியில் ஓர் இதழ் உடைந்திருந்ததல்லவா, அதற்கு நேர் எதிரே இருந்த நல்ல இதழையும் அடியோடு அறுத்துவிட்டேன். அத்தான் முகம் சுளித்தார். ஒரு பக்கம் மட்டும் கனம் குறைந்த விசிறி 3,000 சுற்றில் ஷாப்டை உதறும். எட்டில் ஆறு இதழ் இருந்தால் காற்றுக் கொஞ்சம் குறையும், சமநிலை இருக்கும். ஆனால் இந்த விசிறி அலங்காரத்துக்கு இல்லை. பம்பின் ஒயிலைக் குளிர்விப்பது இதுதான். மத்தியான வெயிலில் வண்டி சோர்ந்தால் கொஞ்சம் நிறுத்தி ஆறவிடும்படி சொல்லியிருக்கிறேன். டீசல் குழாயைப் புதியதாக மாற்றி, ஷாப்டிலிருந்து தள்ளி, சட்டத்தின் மறுபக்கத்தால் கொண்டுபோய்க் கட்டினேன். தொழிற்சாலை ஏன் அதை ஷாப்டை ஒட்டி விட்டது என்பது எனக்கு விளங்காத விடயம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் பின் சில்லுகள் தரையில் படாதபடி குற்றியில் நிறுத்தி, யாரும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டேன். டக டக இல்லை. ஷாப்டில் வெள்ளைப் பெயின்ட்டால் நீளவாட்டில் ஒரு கோடு, கப்ளிங்கையும் தண்டையும் சேர்த்து, முன்பே போட்டிருந்தேன். எங்காவது வழுக்கினால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு வட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் இளஞ்சூடு. நேரில்லாத கப்ளிங்கில் வட்டு மடிந்து மடிந்தே கை வைக்க முடியாத அளவு சூடாகும். அளக்கக் கருவி இல்லாதவருக்கும் இந்தச் சோதனை போதும்.

மூடியைப் பூட்டித் தரையில் இறக்கியதும் அத்தான் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். வண்டி மணலைக் கிளப்பிக்கொண்டு நகர்ந்தது. காவல்காரர் தேங்காய்ப் பெட்டியைக் கொளுவ வந்துவிட்டார். கணக்குப்படி தடுக்க எனக்குக் காரணம் இல்லை. சும்மா மெதுவாக ஓட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஒரு மணி நேரம் புல் வெட்டியபின் போல்ட்டுகளை மறுபடி சோதித்தேன். புதிய றப்பர் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் அமரும், ஒன்றிரண்டு கால் சுற்று வாங்கின. வெள்ளைக் கோடு முறியவில்லை.

மீதி பெல்ட்டில் இன்னொரு சோடி வட்டு வெட்டி, குழாய்த் துண்டு, போல்ட், பின் எல்லாவற்றோடும் ஒரு பையில் போட்டுத் தோட்டத்து வாடியில் (கொட்டிலில்) தொங்கவிட்டிருக்கிறேன். முன் மவுண்ட் இரண்டும் பழையவைதான். உயரம் சரியாக இருப்பதால் விட்டேன், மாரி மழை தொடங்குவதற்கு முன் அவற்றையும் மாற்றவேண்டும். கத்தித் தட்டைக் கழற்றியிருந்தபோது இடது கத்தியைக் கையால் சுற்றிப் பார்த்தேன், பெயாரிங் கரகரக்கிறது. அதன் இலக்கத்தைக் குறித்து எடுத்து வந்திருக்கிறேன்.